பெண் கேரக்டரை எடுத்தவன் மீது என்ன குற்றம்?

கைபேசியில் ஃப்ரீ ஃபயரோ பிஜிஎம்ஐயோ விளையாடும் பையன்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஸ்குவாடில் ஒருவன் பெண் கேரக்டரை எடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு அதுதான் பேச்சு. "பொண்ணு ஐடி வெச்சு யாரை ஏமாத்தப் போற?" என்பான் ஒருவன். "சைட் அடிக்க எடுத்திருக்கான்டா" என்பான் இன்னொருவன். மூன்றாவதாக ஒரு சொல் வரும். அவன் ஆம்பளைதானா என்று கேட்கும் சொல். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

சின்னப் பையன்களின் கேலி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வளர்ந்தவர்களும் இந்த மூன்றையும்தான் கொஞ்சம் நாகரிகமான வார்த்தைகளில் சொல்கிறார்கள். வேறு பாலின உருவத்தில் விளையாடும் ஆணிடம் ஒன்று வஞ்சகம் இருக்க வேண்டும், அல்லது காமம் இருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று உலகம் முழுக்க நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. பெண்ணாக இருப்பது ஒரு படி இறங்குவது என்ற எண்ணம்தான் இதற்கு அடியில் கிடக்கிறது. அதை வெளியே இழுத்துக் காட்டாமல் இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல முடியாது.

ரஸ்ட் என்ற ஆட்டத்தில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். இங்கிலாந்தின் ஃபேஸ்பஞ்ச் ஸ்டூடியோஸ் உருவாக்கிய இந்த ஆட்டம், வேலை முடியாத நிலையிலேயே 2013 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. உடம்பில் துணியில்லாமல், கையில் ஒரு கல்லோடு ஒரு தீவில் கண் விழிக்க வேண்டும். அங்கிருந்து பிழைத்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே உடம்புதான். மொட்டைத் தலை வெள்ளைக்கார ஆண். 2015-இல் தோல் நிறமும் முகமும் ஆளுக்கு ஆள் மாறின. 2016 ஏப்ரலில் பெண்ணுடல் சேர்க்கப்பட்டது. யாருக்கு எந்த உடல் என்பதை ஆடுபவர் தேர்ந்தெடுக்க முடியாது. ஸ்டீம் விற்பனைத் தளத்தில் அவருக்குள்ள கணக்கை வைத்து ஆட்டமே ஒரு முறை தீர்மானிக்கும். பிறகு மாற்றவும் முடியாது. ஏறத்தாழப் பாதிப் பேர் திடீரென்று பெண்ணாக விழித்தார்கள்.

எழுந்த கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஓடும் வேகம் குறையவில்லை, அடியின் பலம் குறையவில்லை, உருவம் மட்டும்தான் மாறியது. ஆனாலும் பலருக்கு அது தாங்க முடியாத அவமானமாகப் பட்டது. கேரி நியூமன், அந்த நிறுவனத்தை நடத்துபவர், கார்டியன் நாளிதழில் கட்டுரை எழுதித் தன் முடிவை விளக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். காசு கொடுத்து ரஸ்ட் வாங்கிய ஒவ்வொரு பெண்ணும் ஆணாகத்தான் ஆடினாள். அவள் உணர்வு புண்படுமே என்று யாரும் பதறவில்லை. "ஏன் ஆணாக விளையாடுகிறாய், உனக்கு என்ன பிரச்சினை?" என்று அவளை யாரும் கேட்கவும் இல்லை.

ரஸ்டுக்கு முன்னால் முப்பது ஆண்டுகளாகவும் நிலைமை இதுதான். வீடியோ கேம் தொடங்கிய காலத்திலிருந்து கோடிக்கணக்கான சிறுமிகள் மாரியோவாகக் குதித்தார்கள், சிப்பாயாகச் சுட்டார்கள், குத்துச்சண்டை வீரனாக அடித்தார்கள். பெரும்பாலும் வேறு உருவம் கொடுக்கப்படவில்லை. அப்போதெல்லாம் அது ஒரு கேள்வியாகவே எழவில்லை. பெண் ஆணாக ஆடினால் இயல்பு, ஆண் பெண்ணாக ஆடினால் விசாரணை. அடுத்த பாலின உருவத்தை எடுப்பதுதான் உண்மையில் உறுத்துகிறது என்றால் இரண்டும் ஒரே அளவில் உறுத்த வேண்டும். உறுத்தவில்லை. ஆண் என்பது எல்லோருக்குமான பொது உடம்பு, பெண் என்பது பெண்ணுக்கு மட்டுமான உடம்பு என்று முன்பே முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள்.

பையன்கள் பெண்ணாக ஆடியதும் நேற்றுத் தொடங்கியதல்ல. 1986-இல் நின்டெண்டோ வெளியிட்ட மெட்ராய்டு ஆட்டத்தில் கவசம் அணிந்த வீரர் ஒருவர். வேகமாக முடித்துக் காட்டினால் கடைசியில் தலைக்கவசம் கழன்று, அவர் சாமஸ் ஆரன் என்ற பெண் என்று தெரியவரும். அத்தனை மணி நேரம் தாங்கள் பெண்ணாக ஆடியிருக்கிறோம் என்று அப்போதுதான் பையன்களுக்குத் தெரிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து டூம் ரெய்டரின் லாரா கிராஃப்ட் வந்தாள். உலகெங்கும் பையன்கள் அவளாகக் குகைகளில் ஏறி இறங்கினார்கள். அவர்கள் வளர்ந்து, வேலைக்குப் போய், பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார்கள். ஒரு குறையும் வந்துவிடவில்லை.

வஞ்சகம் என்ற முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பெண் உருவத்தைக் காட்டி அடுத்தவரை ஏமாற்றிப் பொருள் பறிக்கிறான் என்பது. அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆண் உருவத்தோடு ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்துக்குள் தனியாக ஒரு பயணத்தை அமைத்து, அதில் 375 பேரை ஆடவிட்டு, அவர்களுடைய பேச்சையும் அசைவையும் பதிவுசெய்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. ஆண்களில் 23 சதவீதம் பேரும் பெண்களில் 7 சதவீதம் பேரும் மாற்றுப் பாலின உருவத்தை எடுத்திருந்தார்கள். பெண் உருவம் எடுத்த ஆண்கள் அழகான முகத்தையும் வழக்கமான கூந்தலையும் தேர்ந்தெடுத்தார்கள், பேச்சில் உணர்ச்சிச் சொற்களும் ஆச்சரியக்குறிகளும் கூடின. ஆனால் அசைவு மாறவில்லை. கூட்டத்திலிருந்து தள்ளி நின்றார்கள், சும்மா சும்மா குதித்துக்கொண்டே இருந்தார்கள். ஏமாற்றத் துணிந்தவன் இப்படியா நடந்துகொள்வான்? தன்னைப் பெண்ணென்று நம்பவைக்கும் நோக்கம் அவர்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

இந்த விகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு பேர் ஆடும் இடத்தில் 80 பேர் ஆண்கள் என்று கொள்வோம். அவர்களில் 18 பேர் பெண் உருவத்தில் இருப்பார்கள். 20 பெண்களில் ஓரிருவர் ஆண் உருவத்துக்குப் போக, மீதி 18 அல்லது 19 பேர் பெண் உருவத்தில் இருப்பார்கள். கண்ணில் படும் பெண் உருவங்களில் பாதிக்குப் பின்னால் ஆண்தான். பழகிய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றில் ஏமாற்று எங்கிருந்து வந்தது? பிஜிஎம்ஐ போன்ற ஆட்டங்களில் மைக்கை ஆன் செய்த மறுகணமே ஆளின் குரல் வெளியே வந்துவிடுகிறது. இதற்குமேல் ஒளிக்க என்ன இருக்கிறது?

இந்தச் சந்தேகம் சட்டமாகவே ஆன கதையும் உண்டு. சீனாவில் ஓர் இணைய ஆட்டத்தை நடத்திய நிறுவனம், பெண் கேரக்டர் வைத்திருந்த ஆண்களின் கணக்குகளை முடக்கியதாகவும், பெண்ணாக ஆட விரும்புபவர் வெப்கேமரா முன் தன்னைக் காட்டி நிரூபிக்க வேண்டும் என்று விதித்ததாகவும் 2007-இல் செய்தி வந்தது. ஆணைப் பிடிக்க விரித்த வலையில் கேமரா முன் போய் நிற்க வேண்டியவள் பெண்தான். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்.

ஏனென்றால் ஆட்டத்தில் தன் பாலினத்தை உண்மையிலேயே மறைத்துக்கொள்பவர்களில் பலர் பெண்கள். மறைக்கும்படி ஆக்கியிருக்கிறோம். ஹாலோ 3 ஆட்டத்தில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 2013-இல் வெளியிட்டார்கள். முன்கூட்டியே பதிவுசெய்த ஒரே வாக்கியங்களைச் சில ஆட்டங்களில் ஆண் குரலிலும் சில ஆட்டங்களில் பெண் குரலிலும் ஒலிக்கவிட்டார்கள். ஆண் குரலுக்கு வந்ததைப்போல மூன்று மடங்கு வசவு பெண் குரலுக்கு வந்தது. சொன்ன சொல் ஒன்று, ஆட்டம் ஒன்று, வேறுபட்டது குரல் மட்டும். நம் வீட்டுப் பெண்கள் ஆண் பெயரில் ஐடி வைத்துக்கொண்டு, மைக்கை அணைத்துவிட்டு ஆடுவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம். அவள் ஏன் ஒளிந்து ஆடுகிறாள் என்று கேட்க ஆளில்லை. அவன் ஏன் பெண் உருவம் எடுத்தான் என்று கேட்கத்தான் கூட்டம் கூடுகிறது.

இரண்டாவது குற்றச்சாட்டு காமம். இதற்கு ஆண்களே வாக்குமூலம் கொடுப்பதால் பலரும் இதை நம்பிவிடுகிறார்கள். "மணிக்கணக்கா ஒரு முதுகையே பார்த்துட்டு இருக்கணும்னா, பொண்ணு முதுகா இருந்துட்டுப் போகட்டுமே" என்ற பதில் எல்லா நாட்டிலும் எல்லா மொழியிலும் கிடைக்கிறது. சிலருக்கு அது உண்மையாகவே இருக்கலாம். ஆட்டத்தைச் செய்யும் நிறுவனங்களும் பெண் உருவத்தைச் சதைக் காட்சியாக்கி விற்றிருக்கின்றன, அந்தக் கண்டனம் தனியே செய்யப்பட வேண்டியது. ஆனால் இந்தப் பதில் எந்தச் சூழலில் சொல்லப்படுகிறது என்று கவனியுங்கள். நண்பர்கள் ஆண்மையைச் சந்தேகிக்கும்போது சொல்லப்படுகிறது. "அவளை எனக்குப் பிடித்திருக்கிறது, அவளாக இருந்து பார்க்கப் பிடித்திருக்கிறது" என்று சொன்னால் கேலி இன்னும் கூடும். "அவளைப் பார்க்கப் பிடித்திருக்கிறது" என்று சொன்னால் கேலி நின்றுவிடும். பெண்ணாக இருக்க ஆசைப்படுவது வெட்கம், பெண்ணை வெறிப்பது ஆண்மை என்ற ஊரில் ஒருவன் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுப்பான்? அடித்து வாங்கிய வாக்குமூலத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உண்மையான காரணங்கள் பல, பெரும்பாலும் எளிமையானவை. ஃப்ரீ ஃபயரில் கெல்லி என்ற பெண் கேரக்டருக்கு ஓட்ட வேகம் கூடுதல், மோகோவுக்கு எதிரியை அடையாளம் காட்டும் திறன். வேகம் வேண்டும் என்பவன் கெல்லியை எடுக்கிறான், அவ்வளவுதான். மாஸ் எஃபெக்ட் தொடரில் கமாண்டர் ஷெப்பர்டை ஆணாகவும் ஆடலாம், பெண்ணாகவும் ஆடலாம். பெண் ஷெப்பர்டுக்கு ஜெனிஃபர் ஹேல் கொடுத்த குரலுக்காகவே அவளை எடுப்பவர்கள் ஏராளம். குரலில் தளபதியின் அதட்டலும் இருக்கும், களைப்பும் இருக்கும். கதையை அது தூக்கி நிறுத்துகிறது. வேறு சிலருக்கு உடை அலங்காரம் பிடிக்கும், இன்னும் சிலருக்கு ஒரே மாதிரி ஆணாக ஆடி அலுத்துவிட்டது. 2008-இல் 119 ஆட்டக்காரர்களிடம் ஹுசைன், கிரிஃபித்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில் 57 சதவீதம் பேர் எப்போதாவது மாற்றுப் பாலின உருவத்தில் ஆடியவர்கள். பெண் உருவத்துக்கு மற்றவர்கள் உதவுகிறார்கள், கனிவாகப் பேசுகிறார்கள் என்பதும் காரணங்களில் ஒன்றாக வந்தது. யோசித்துப் பார்த்தால் இது வருத்தமான காரணம். ஆணுக்கு ஆண் கனிவாகப் பேசாத இடத்தில், கொஞ்சம் கனிவு வேண்டி ஒருவன் உருவம் மாற்றிக்கொள்கிறான்.

ஆண்கள் பெண் நாயகியை ஏற்கமாட்டார்கள் என்று வியாபாரிகளும் நம்பினார்கள். அசாசின்ஸ் க்ரீட் ஒடிஸி 2018-இல் வந்தபோது, கஸாண்ட்ரா என்ற பெண்ணையும் அலெக்சியோஸ் என்ற ஆணையும் தேர்வுக்கு வைத்தார்கள். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் கஸாண்ட்ராவை மட்டுமே நாயகியாக வைக்க நினைத்தார்கள் என்றும், மேலிடம் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றும் 2020-இல் புளூம்பெர்க் எழுதியது. கதைப்படி உண்மையான நாயகி அவள்தான் என்று அந்த ஆட்டத்தை ஒட்டி வெளிவந்த நாவல் காட்டுகிறது. மாஸ் எஃபெக்ட் தயாரிப்பாளர்கள் 2011-இல் சொன்ன கணக்கில் பெண் ஷெப்பர்டை எடுத்தவர்கள் 18 சதவீதம். அதுவரை விளம்பரங்களிலும் அட்டையிலும் ஆண் ஷெப்பர்டின் முகம்தான். 2021-இல் மூன்று ஆட்டங்களும் புதுப்பித்து வெளியானபோது அது 32 சதவீதம்.

தமிழனுக்கு இது விளங்கவில்லை என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன். அகப்பாட்டில் தலைவியாகவும் தோழியாகவும் செவிலியாகவும் பேசியவர்களில் பெரும்பாலோர் ஆண் புலவர்கள். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடினார்கள். ஸ்ரீரங்கத்தில் பகல்பத்தின் நிறைவு நாளில் நம்பெருமாளே நாச்சியார் திருக்கோலம் கொள்கிறார், ஊர் திரண்டு சேவிக்கிறது. 1935-இல் பக்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள், அதற்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்து அழைத்தார்கள். கூத்திலும் நாடகத்திலும் ஆண்கள் பெண் வேடம் கட்டியதன் பின்னே பெண்ணை மேடை ஏற்றாத கொடுமை இருந்தது, அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனாலும் ஓர் ஆண் பெண்ணின் நிலையில் நின்று பேசுவது, ஏங்குவது, சண்டையிடுவது இந்த மொழிக்குப் புதிதல்ல. இத்தனையும் வழிவழியாகக் கொண்டவர்கள், கைபேசித் திரையில் ஒரு பையன் கெல்லியாக ஓடினால் முகம் சுளிக்கிறோம்.

மூன்றாவது குற்றச்சாட்டு, அந்தச் சொல். பெண் உருவம் எடுக்கும் ஆண்களில் மிகப் பலர் தங்களை ஆணாகவே உணர்கிறவர்கள், ஆட்டம் முடிந்ததும் அவர்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. சிலருக்கு அப்படி இல்லை என்பதும் உண்மை. செலஸ்ட் என்ற ஆட்டம் 2018-இல் வந்தது. மேடலின் என்ற பெண் மலையேறும் கதை. அதை உருவாக்கிய மேடி தார்சன், மேடலின் ஒரு திருநங்கை என்று 2020-இல் எழுதினார். தானும் அப்படித்தான் என்பது ஆட்டத்தை உருவாக்கிய நாட்களில் தனக்கே தெரிந்திருக்கவில்லை என்றும் எழுதினார். ஒருவர் தன்னைக் கண்டடைய ஆட்டம் இடம் கொடுத்தது என்றால் அதில் கேலிக்கு என்ன இருக்கிறது? திருநங்கை என்பதை வசவாக வீசுகிறவன் இரண்டு பேரை ஒரே நேரத்தில் அடிக்கிறான். அப்படி இல்லாதவனுக்கு, அப்படி இருப்பது கேவலம் என்று கற்றுக்கொடுக்கிறான். அப்படி இருப்பவரை, அவர் வாய் திறப்பதற்கு முன்பே ஊமையாக்குகிறான். இரண்டாமவர் அடுத்த நாளே ஆண் கேரக்டருக்கு மாறிவிடுவார். கேலி செய்தவனுக்கு அவர் யாரென்றே கடைசிவரை தெரியாது.

பெற்றோர் சிலர் இதைப் பற்றிக் கவலையோடு கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் வேறே இருக்கின்றன. ஸ்கின் (கேரக்டரின் உடை, தோற்றம்) வாங்க எவ்வளவு பணம் போகிறது, மைக்கில் அவனோடு பேசுகிற முகம் தெரியாதவர்கள் யார், எத்தனை மணிக்குத் தூங்குகிறான், தோற்றால் எப்படி நடந்துகொள்கிறான், பெண் குரல் கேட்டால் அவன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று கேட்கட்டும். அந்தக் கடைசிக் கேள்வியை எல்லாப் பையன்களிடமும், முதலில் ஆண் கேரக்டர் வைத்திருப்பவர்களிடம் கேட்கட்டும்.