பேசுவதற்குமா ரசீது?



நம் பெங்களூர்த் தமிழர் அமைப்புகள் சிலவற்றில் ஒரு விதி தலைதூக்கி நிற்கிறது. நடப்பாண்டுச் சந்தா கட்டியவர் மட்டுமே கூட்டத்தில் பேசலாம். மற்றவர் உட்கார்ந்து கேட்கலாம். ஏட்டிலும் சந்தாதாரர் கடிதம் மட்டுமே அச்சேறும். கைதட்ட எல்லோரும் வேண்டும், கருத்துச் சொல்ல மட்டும் ரசீது வேண்டும்! இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

அந்த மேடைகளில் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள்? லிங்கராஜபுரத்துச் சித்தாளின் கூலியைப் பற்றி. வீட்டு வேலைக்குப் போகும் தாயின் ரேஷன் அட்டையைப் பற்றி. அவள் பிள்ளை தமிழ் படிப்பதைப் பற்றி. ஆனால் அவள் எழுந்து நின்றால், "அம்மா, சந்தா கட்டியிருக்கிறாயா?" என்கிறார்கள்.

இது புதிய சரக்கல்ல. 1881-ல் திவான் ரங்காச்சார்லு காலத்தில் மைசூர்ப் பிரதிநிதித்துவ சபை கூடியபோது, அழைக்கப்பட்டவர்கள் நிலக்காரர்களும் வணிகர்களும்தான். ஏர் பிடித்தவனுக்கு இடமில்லை. சொத்தும் வரியும் பாராமல் நாடு முழுதும் ஏழைக்கு ஓட்டுக் கிடைக்க 1951-52 பொதுத்தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இலங்கை மலையகத்தில் நம் இனம் பட்டது தெரியாதா? தேயிலையால் அந்நாட்டின் கஜானாவை நிரப்பியவர்களிடம், 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பன் பிறப்புக்குச் சான்று கேட்டது. 1949-ல் வாக்கும் பறிபோனது. உழைப்பைக் கணக்கில் வைக்காமல் காகிதத்தைக் கேட்டார்கள். அதைக் கண்டித்துத் தீர்மானம் போடும் நாமே நம் வாசலில் காகிதம் கேட்கலாமா?

நாங்கள் வேலை பார்க்கும் ரயில்வேயில் 2007, 2013, 2024 ஆண்டுகளில் சங்க அங்கீகாரத்துக்கு ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. எந்தச் சங்கத்துக்கும் சந்தா கட்டாத டிராக்மேனுக்கும் ஓர் ஓட்டு உண்டு. 1974 மே வேலைநிறுத்தத்தில் குடும்பங்களைக் குவார்ட்டர்ஸிலிருந்து தெருவில் தள்ளியபோது, ரசீதைப் பார்த்தா தள்ளினார்கள்? அடி எல்லோருக்கும் பொது என்றால், பேச்சும் பொதுதான்.

"கண்டவனும் வந்து கூச்சல் போடுவான்" என்கிறார்கள். பதவிச் சண்டையில் நாற்காலி தூக்கியவர்கள் எல்லாம் சந்தா பாக்கியில்லாத பழுத்த உறுப்பினர்கள்தானே! ஒழுங்கு வேண்டுமா? பெயரும் தெருவும் சொல்லட்டும். ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுங்கள். மீறினால் தலைவர் மணியடிக்கட்டும்.

சந்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. வாடகைக்கும் அச்சுக்கூலிக்கும் பணம் வேண்டும். கணக்கை ஏற்கவும் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கவும் உறுப்பினருக்கே ஓட்டு என்பதையும் ஒப்புகிறோம். ஓட்டு வேறு, வாய் வேறு. தன் குறையைச் சொல்லி, அதற்குச் சங்கம் அசைவதைக் கண்டவர்தான் நாளைக்குச் சந்தா கட்டுவார். வாயை அடைத்துவிட்டுப் பணம் கேட்டால் யார் தருவார்?

2020 செப்டம்பரில் மாமன்றத்தின் காலம் முடிந்தபின், ஆண்டுக்கணக்கில் கவுன்சிலர் இல்லாமலே இந்நகரம் கிடந்தது. சாக்கடை அடைப்பைச் சொல்லக்கூட ஏழைக்கு ஆளில்லை. அப்போதும் திறந்திருக்க வேண்டிய கதவு சங்கத்தின் கதவு.

எனவே கோருகிறோம்: ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் அரைமணி யாரும் பேசலாம் என்று விதி எழுதுங்கள். ஏட்டில் ஒரு பக்கத்தைச் சந்தாதாரர் அல்லாதவருக்கு ஒதுக்குங்கள். முடியாதென்றால், "தமிழர் அனைவருக்குமான சங்கம்" என்ற வரியைப் பெயர்ப்பலகையிலிருந்து அழித்துவிடுங்கள்!