ஒண்டிக்கு ஒண்டி

ஃபுட்பால் மைதானத்தில் ரொம்பப் பரிதாபமான ஜீவன் யார் என்று கேட்டால் பலர் ரெஃபரி என்பார்கள். என் ஓட்டு கோல்கீப்பருக்கு. அதுவும் ஒரு குறிப்பிட்ட சமயத்தில். டிஃபென்ஸ் மொத்தமும் ஏமாந்துபோய்ப் பின்னால் மூச்சிரைக்க ஓடி வருகிறது. எதிர் டீம் ஃபார்வர்டு பந்தோடு தனியாக வந்துகொண்டிருக்கிறான். நடுவில் கிளவுஸ் மாட்டிக்கொண்டு ஒருத்தர் நிற்கிறாரே, அந்தச் சமயம்.

ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மார்ச் கடைசி வாரம். ஆடிட்டர் உள்ளே நுழைகிறார். அக்கவுன்டன்ட் லீவு. மேனேஜர் 'வெளியில் போயிருக்கிறார்'. கேஷியர் டீ குடிக்கப் போய் முக்கால் மணியாகிறது. ஸீட்டில் இருப்பது நீங்கள் மட்டும். தப்பு யாருடையதாக இருந்தாலும் வவுச்சரை எடுத்து நீட்ட வேண்டியது நீங்கள்தான். இதற்கு ஃபுட்பாலில் 'ஒன் ஆன் ஒன்' என்று பெயர். நம் ஊர்த் தமிழில் ஒண்டிக்கு ஒண்டி.

இப்போது கோல்கீப்பர் என்ன செய்ய வேண்டும்? டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர், 'போ, போ, வெளிய போ!' என்று கத்துவார்கள். கோல் விழுந்ததும் மீதிப் பேர், 'எவன்டா இவனை வெளிய வரச் சொன்னது?' என்று திட்டுவார்கள். இரண்டு கோஷ்டி சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

முதலில் கணக்கு. பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த கணக்குதான், பயப்பட வேண்டாம். கோலின் அகலம் 8 கஜம், அதாவது 7.32 மீட்டர். உயரம் 8 அடி. கையையும் காலையும் விரித்து நின்றால் கோல்கீப்பர் அடைக்கிற அகலம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஃபார்வர்டு நேர் எதிரே 16 மீட்டரில் இருக்கிறான். கோல்கீப்பர் கோட்டிலேயே நின்றால் 2 மீட்டர் போக, 5 மீட்டருக்கு மேல் காலி. லாரியையே உள்ளே ஓட்டலாம்.

கரன்ட் போன ராத்திரியில் மெழுகுவத்தி முன்னால் கையை நீட்டி விளையாடியிருப்பீர்கள். கையை மெழுகுவத்திக்குக் கிட்டே கொண்டுபோகப் போக, சுவரில் நிழல் பூதாகாரமாகும். பந்துதான் மெழுகுவத்தி, கோல்தான் சுவர். கோல்கீப்பர் பாதி தூரம் முன்னால் வந்தால், அதே 2 மீட்டர் ஆள் கோலில் 4 மீட்டரை மறைக்கிறார். பந்துக்கு 4 மீட்டர் கிட்டே வந்துவிட்டால் நிழல் 8 மீட்டர். கோலைவிடப் பெரிசு! ஆள் அதேதான், இடம்தான் வேறு.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு ஓட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். ஓடி வருகிற கோல்கீப்பரைப் பார்த்தால் ஃபார்வர்டுக்குக் கொண்டாட்டம். பந்தை லேசாகத் தூக்கித் தலைக்கு மேல் போடலாம். அல்லது பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு போய்க் காலி கோலில் பந்தை உருட்டலாம். வேகமாக வருகிற மனிதனால் சட்டென்று திரும்ப முடியாது. கோல்கீப்பரும் மனிதன்தான்.

ஆகவே, வர வேண்டும். வந்து, அவன் உதைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நிற்கவும் வேண்டும். இந்த நிற்பதுதான் கஷ்டம். எங்கள் பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். தறி பாட்டுக்கு ஓடும். இழை அறுந்ததும் உடனே நிறுத்தத் தெரிய வேண்டும். கொஞ்சம் அசந்தால் துணி பழுது.

எப்போது ஓடுவது, எப்போது நிற்பது? பந்தைப் பார்த்தால் தெரியும். ஃபார்வர்டு தட்டிய பந்து அவன் காலை விட்டு விலகி உருளும்போது அவனால் உதைக்க முடியாது. அந்த இடைவெளியில் ஓடிவந்து தூரத்தைச் சாப்பிட வேண்டும். பந்து மறுபடி அவன் காலுக்கு வந்ததும் நின்றுவிட வேண்டும். கால் இரண்டும் தரையில், முழங்கால் லேசாக மடங்கி, கைகள் தாழ்ந்து பக்கவாட்டில். தட்டின பந்து ரொம்ப தூரம் உருண்டுவிட்டால் மட்டும் யோசிக்கவே கூடாது. ஒரே பாய்ச்சல், பந்து கைக்குள்.

இன்னொரு கணக்கும் உண்டு. நல்ல உதையில் பந்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால் வினாடிக்கு 20 மீட்டர். 4 மீட்டர் தூரத்தைக் கடக்க 0.2 வினாடி. ஒன்றைப் பார்த்து உடம்பு அசைய மனிதனுக்கு ஆகிற நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது, கிட்டே போன கோல்கீப்பர் பந்தைப் 'பார்த்துப் பிடிப்பது' என்பது நடக்காத காரியம். பந்து அவர் மேல் படும்படி அவர் இருக்க வேண்டும். மான்செஸ்டர் யுனைடெட்டின் பீட்டர் ஷ்மைக்கேல், கையைக் காலை நட்சத்திரம் மாதிரி விரித்துக்கொண்டு குதிப்பாரே, அது சும்மா ஸ்டைல் இல்லை. ஹேண்ட்பால் கோல்கீப்பர்களிடமிருந்து எடுத்த வித்தை.

2010 உலகக் கோப்பை ஃபைனல், ஜோஹன்னஸ்பர்க். ஹாலந்தின் அர்யென் ராபன், ஸ்பெயினின் காஸியாஸ். 62-வது நிமிஷம், ராபன் தனியாக வருகிறார். காஸியாஸ் ஒரு பக்கம் சாய்கிறார், பந்து இன்னொரு பக்கம் போகிறது. போச்சு என்று நினைக்கும்போது, பின்னால் விட்டுவைத்த காலின் பூட்ஸில் பட்டு வெளியே ஓடுகிறது. 83-வது நிமிஷம், மறுபடி அதே ராபன். இந்தத் தடவை அவர் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கிறார். பந்து கொஞ்சம் விலகுகிறது. காஸியாஸ் காலடியில் விழுந்து கையாலேயே அள்ளிவிடுகிறார். முதல் தடவை நின்றார், இரண்டாம் தடவை பாய்ந்தார். 116-வது நிமிஷத்தில் இனியெஸ்டா அடித்த கோலுக்குக் கோப்பை ஸ்பெயினுக்குப் போனது. எல்லோருக்கும் இனியெஸ்டாவைத்தான் ஞாபகம் இருக்கிறது. உலக வழக்கம்!

2022 டிசம்பர் 18, கத்தார் ஃபைனல் இன்னும் பயங்கரம். அர்ஜென்டினா 3, பிரான்ஸ் 3. எக்ஸ்ட்ரா டைமும் முடிந்து 120-க்கு மேல் மூன்றாவது நிமிஷம். பிரான்ஸின் கோலோ முவானி தனியாக வந்துவிட்டார். எமிலியானோ மார்டினெஸ் முன்னால் வந்து உடம்பை விரித்து, இடது காலை நீட்டினார். பந்து அந்தக் காலில் பட்டுத் திரும்பியது. அப்புறம் பெனால்டியில் ஜெயித்து மெஸ்ஸி கோப்பையைத் தூக்கினார். அந்தக் கால் ஓரடி குறைந்திருந்தால் அந்தக் கோப்பை பாரிஸுக்குப் போயிருக்கும்.

இதுவரை சொன்னது சாமர்த்தியம். ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. இரண்டு பேர் முழு வேகத்தில், எதிரும் புதிருமாக, ஒரே பந்தைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். 1982 உலகக் கோப்பை செமி ஃபைனல், செவில் நகரம். பிரான்ஸின் பாட்டிஸ்டன் பந்தை உதைத்துவிட்டார், அது வெளியே போய்விட்டது. பாய்ந்து வந்த ஜெர்மனி கோல்கீப்பர் ஷூமாக்கர் அவர் மேல் மோதினார். பாட்டிஸ்டனுக்குப் பல் உடைந்து நினைவு தப்பி, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். ரெஃபரி ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை. கோல் கிக் கொடுத்தார்!

நமக்குப் பக்கத்திலேயே இதைவிடக் கொடுமை நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் 5, பெங்களூர். ஃபெடரேஷன் கப் ஃபைனலில் கோவாவின் டெம்போவும் கல்கத்தா மோகன் பகானும் மோதின. டெம்போவின் பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர் தன் இரண்டாவது கோலை அடித்தார். பந்து கோலுக்குள். அதே நொடியில் வெளியே வந்த கோல்கீப்பரோடு மோதி விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை. டெம்போ 2-0 என்று கோப்பையை ஜெயித்தது. கோல் போட்டவர் உயிரோடு இல்லை.

அந்தக் கோல்கீப்பர் சுப்ரதா பால். அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. விளையாடச் சில காலம் தடை விதித்தார்கள். வேண்டுமென்றே யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஒரு ஃபார்வர்டு தனியாக வரும்போதும் அந்த இளைஞர் கோட்டை விட்டு முன்னால் வந்தாக வேண்டும். கோல்கீப்பர் வேலையே அதுதான். வந்தார். 27 வருஷம் கழித்து இந்தியா ஆடிய ஆசியக் கோப்பையில், 2011-இல் தோஹாவில், ஆஸ்திரேலியா, பஹ்ரைன், தென் கொரியா மூன்றும் நம்மை வெளுத்துக் கட்டின. மூன்று மேட்சில் 13 கோல். அப்படியிருந்தும் அந்தப் போட்டியிலிருந்து 'ஸ்பைடர்மேன்' என்ற பட்டப்பெயரோடு திரும்பினவர் சுப்ரதா பால்தான். அவர் தடுத்திராவிட்டால் 13 எங்கே போய் நின்றிருக்குமோ!

சட்டமும் நடுவில் வருகிறது. கோல் அடிக்கத் தெளிவான வாய்ப்பு இருக்கிறவனை ஃபவுல் செய்து தடுத்தால் சிவப்பு அட்டை. 2006 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் ஆர்செனல் கோல்கீப்பர் யென்ஸ் லேமான், பெனால்டி ஏரியாவுக்கு வெளியே வந்து பார்சிலோனாவின் எட்டோவைத் தட்டிவிட்டார். 18-வது நிமிஷத்திலேயே வெளியேற்றம். பத்தே பேருடன் ஆர்செனல் ஒரு கோல் முன்னணி எடுத்து, 76-வது நிமிஷம் வரை காப்பாற்றிக் கடைசியில் 2-1 என்று தோற்றது. வரவு செலவு போட்டுப் பாருங்கள். அந்த ஒரு கோலை விட்டிருந்தால் மீதி 72 நிமிஷமும் பதினோரு பேர் ஆடியிருக்கலாம். சில சமயம் சின்ன நஷ்டத்தை ஒப்புக்கொள்வதுதான் லாபம்.

2016-இல் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். பெனால்டி ஏரியாவுக்குள், உண்மையிலேயே பந்தை எடுக்கப் போய் ஃபவுல் ஆகிவிட்டால் பெனால்டி உண்டு, அட்டை மஞ்சள்தான். ஏரியாவுக்கு வெளியே என்றால் பழைய கதைதான், சிவப்பு.

கடைசியாக நம்ம ஆள் ஒருத்தர். பீட்டர் தங்கராஜ். ஆறடிக்கு மேல் உயரம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு ஃபைனலில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கின இந்திய டீமின் கோல்கீப்பர். 1967-இல் அர்ஜுனா விருது. இவருடைய ஆரம்பம் எது தெரியுமா? செகந்திராபாத் கிளப்புகளில் சென்டர் ஃபார்வர்டு! ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு ஆடப்போன பிறகுதான் கோல்கீப்பர் ஆனார். எதிரே தனியாக ஓடி வருகிறவன் மனசில் என்ன ஓடுகிறது என்று புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அந்த வழியில் அவரே ஓடியிருக்கிறார்.

நம் பக்கத்து கிரவுண்டுகளில் நடப்பது நேர் எதிர். ஞாயிற்றுக்கிழமை டீம் பிரிக்கும்போது ஓட முடியாதவன், குண்டாக இருக்கிறவன், பந்தோ கிரவுண்டோ யாருடையதோ அவனுடைய தம்பி, இவர்களில் ஒருவனைப் பிடித்து, 'நீ கோலி நில்லுடா' என்று நிறுத்துகிறோம். நன்றாக ஆடுகிறவர்கள் பத்துப் பேரும் முன்னால் போய்விடுகிறார்கள். அப்புறம் எதிரி ஒருத்தன் தனியாக வந்து கோல் போட்டதும், பத்துப் பேரும் திரும்பி வந்து அந்தத் தம்பியைத் திட்டுகிறார்கள்.

அடுத்த ஞாயிறு, டீமிலேயே கெட்டிக்கார ஃபார்வர்டு எவனோ அவனைப் பத்து நிமிஷம் கோலில் நிறுத்திப் பாருங்கள். ஆனால் ஒரு கண்டிஷன். முழங்காலுக்கு மேல் காலைத் தூக்கிக்கொண்டு யாரும் யார் மேலும் பாயக்கூடாது. திங்கட்கிழமை எல்லோரும் ஆபீஸ் போக வேண்டும்.