வாய்ச்சொல்லில் நிற்கும் வயல்கள்

2011ஆம் ஆண்டு கரீஃப் பருவத்தில் கோதாவரிக் கழிமுகத்துக் கோனசீமா உழவர்கள், ஏறத்தாழ ஒரு இலட்சம் ஏக்கர் வயலை நடவு செய்யாமல் தரிசாகப் போட்டனர். நாளேடுகள் இதனைக் 'கிராப் ஹாலிடே' என்று எழுதின. தெலுங்கில் 'பண்ட விராமம்'. விடுமுறை என்பது வேறு வருமானம் உள்ளவர் எடுப்பது; குத்தகைக்கு உழுபவர் எடுத்தால் அதற்குப் பெயர் பட்டினி.

காரணங்கள் பொய்யல்ல. அவ்வாண்டு சாதாரண நெல்லுக்கு அறிவிக்கப்பட்ட ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,080 ரூபாய். கூலியும் உரவிலையும் அதனை விஞ்சிவிட்டதாக உழவர்கள் முறையிட்டனர். கொள்முதலும் முறையாக நடைபெறவில்லை. தூர்ந்த வடிகால்களால் மழைநீர் வயலிலேயே தேங்கிப் பயிரை அழுக வைத்தது. 1852இல் தவளேசுவரத்தில் அணை கட்டி முடித்த ஆர்தர் காட்டனுக்கு அம்மண்ணில் ஊர்தோறும் சிலை உண்டு. நீரைக் கொண்டுவந்த கால்வாய்க்குக் கிடைத்த புகழில் ஒரு பங்குகூட, நீரை வெளியேற்றும் வடிகாலுக்குக் கிடைக்கவில்லை. முன்னாள் தலைமைச் செயலர் மோகன் கந்தா தலைமையில் குழு அமைக்கப்பட்டது. விலை, கொள்முதல், வடிகால் எல்லாம் பேசப்பட்டன. ஆயினும் 2022இல் கோனசீமாவில் அதே அறிவிப்பு மீண்டும் எழுந்தது.

ஆதரவு விலை உயர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாதிடுவோர் 'உழவர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இருவரை அடைத்துவிடுகின்றனர். கழிமுகத்தில் நிலம் ஒருவருடையது, உழவு பெரும்பாலும் மற்றொருவருடையது. அந்த மற்றொருவரைத் தெலுங்கு 'கௌலு ரைத்து' என்கிறது. 'கௌலு' அரபு மொழியின் 'கவுல்' என்பதிலிருந்து வந்தது; அதன் பொருள் சொல், வாக்கு. (தமிழிலும் பழைய வருவாய்த்துறை ஆவணங்களில் 'கவுல்' உண்டு.) அன்று அரசு எழுதிக்கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்துக்கும் அதுவே பெயர். இன்று பத்திரம் மறைந்து வாய்ச்சொல் மட்டுமே எஞ்சியிருப்பது சொல் வரலாற்றின் கசப்பான வேடிக்கை.

எழுத்தில் இல்லாத குத்தகைக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைப்பதில்லை. வெள்ள நிவாரணமும் பயிர்க் காப்பீடும் பல வேளைகளில் பட்டாவில் பெயர் உள்ளவரையே சென்றடைகின்றன. குத்தகையோ ஏக்கருக்கு இத்தனை மூட்டை நெல் என முன்கூட்டியே பேசப்படுகிறது. விளைச்சல் குறைந்தாலும் மூட்டைக் கணக்கு தானாகக் குறைவதில்லை. நெல்விலை உயர்ந்தால் உழுபவரின் வரவு மட்டுமன்றி, அவர் அளக்கும் குத்தகையின் மதிப்பும் உயர்கிறது. விலையைப் பற்றிய வாதங்களில் இந்தக் கணக்கு அரிதாகவே இடம்பெறுகிறது.

2011ஆம் ஆண்டின் உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டம் குத்தகையாளருக்கு அடையாள அட்டை தர முயன்றது. அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 11 மாத உரிமை அட்டைக்கு நில உரிமையாளரின் ஒப்புதலை நிபந்தனையாக்கியது. கையெழுத்திட்டால் நிலம் கைவிட்டுப் போகும் என்று அஞ்சுபவரிடமே கையெழுத்து கேட்கப்படுகிறது. எந்த வயலை யார் உழுகிறார் என்பது அண்டை வயல்காரர்க்கும், நடவுக்கு வரும் கூலிப் பெண்களுக்கும் தெரியும். கடனுக்கும் நிவாரணத்துக்கும் மட்டுமேனும் அவர்களின் சாட்சியத்தை வைத்து, உரிமையாளரின் ஒப்புதலின்றியே கிராமசபை பருவந்தோறும் சாகுபடியாளர் பெயரைப் பதிவு செய்யலாம்.