புகையாகப் போகும் விறகு

சென்ற மார்கழியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ரானிகேத் பக்கம் மலையில் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டிருப்பவர். "சார், ஆஸ்திரியாவில் மகள் வீட்டில் ஏதோ விறகு பாய்லர் பார்த்ததாகச் சொன்னீர்களே, அதில் ஒன்றை நான் வரவழைத்துவிடலாமா? தில்லிக் குளிரே தாங்கவில்லை, அங்கே எப்படி இருக்கப் போகிறோமோ என்று வீட்டில் பயப்படுகிறாள்" என்றார். பக்கத்திலிருந்த இன்னொருவர், "ஸ்டீம் எஞ்சின்காரரிடம் போய் பாய்லரைப் பற்றிக் கேட்டீர்களே, இன்று நீங்கள் வீட்டுக்குப் போன மாதிரிதான்" என்று சிரித்தார். அன்று மெட்ரோவுக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் விட்டுவிட்டேன். மீதியை அன்பர்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

என் மகள் குடும்பம் இருப்பது க்ராஸ் நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில். வீட்டுக்காரர் எழுபது தாண்டிய விவசாயி. அவர் இருக்கும் பகுதி, மகள் இருக்கும் பகுதி இரண்டுக்கும் சேர்த்து நிலவறையில் ஒரே பாய்லர். நான் போயிருந்தது ஜனவரி மாதம். வெளியே பனி முழங்கால் அளவு. உள்ளே நான் வேட்டி, அரைக்கை பனியனோடு உலாவிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாளே அவரோடு கீழே இறங்கிப் போய்விட்டேன். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஜெர்மன் வராது. பாய்லர் முன்னால் நிற்கும் இரண்டு பேருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

ஆள் மார்பு உயரத்தில் ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே மேலும் கீழுமாக இரண்டு அறைகள். மேல் அறையில் அரை மீட்டர் நீளத்துக்கு வெட்டிய விறகை அடுக்குகிறார். அந்த அறைக்குள் கொஞ்சம் காற்றுதான் போகும். விறகு கொழுந்துவிட்டு எரியாமல் வெந்து, வாயுவாக மாறும். விசிறி ஒன்று அந்த வாயுவைக் கீழ்நோக்கி இழுக்கிறது. இரண்டு அறைக்கும் நடுவே சூளைக்கல்லில் ஒரு துவாரம். அந்த இடத்தில்தான் இரண்டாவது காற்று வந்து வாயுவோடு கலக்கிறது. கீழ் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தீ தலைகீழாக, மேலிருந்து கீழே அடித்துக்கொண்டிருந்தது! ஆயிரம் டிகிரிக்கு மேல் போகும் தீ. அதற்குப் பின்னால் குழாய்கள். குழாய்களைச் சுற்றித் தண்ணீர். பழைய விறகு அடுப்புகளில் பாதிச் சூடு புகைபோக்கியோடு போய்விடும். இதில் விறகிலுள்ள சூட்டில் 90 சதவீதம் வரை தண்ணீரில் இறங்குகிறது.

நான் வெளியே ஓடிப்போய்ப் புகைபோக்கியைப் பார்த்தேன். பழக்கதோஷம். 1979-ல் டிப்ளமா முடித்த கையோடு லோகோ ஷெட்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவன் நான். இன்ஸ்பெக்டர் தூரத்தில் நின்றபடியே எஞ்சினின் புகைபோக்கியைப் பார்த்து ஃபயர்மேனுக்கு மார்க் போடுவார். லேசான சாம்பல் நிறப் புகை வந்தால் சரி. கருகருவென்று வந்தால், "சர்க்கார் நிலக்கரியை ஆகாசத்துக்குப் படைக்கிறாயா?" என்று ஹிந்தியில் ஒரு பாட்டம் விழும். அந்தக் கிராமத்து வீட்டின் புகைபோக்கியில் வெறும் வெப்ப அலைதான் நெளிந்தது. எங்கள் இன்ஸ்பெக்டர் பார்த்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.

விஷயம் இவ்வளவுதான். காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு சூடு பட்டதும் வாயுவாகக் கிளம்பிவிடும். கரியாக மிஞ்சுவது ஒரு பங்குதான். நாம் புகை என்று சொல்லிக் கண்ணைக் கசக்குவது எரியாத எரிபொருள். அது எரியவேண்டுமானால் சூடு வேண்டும், காற்று வேண்டும், இரண்டும் கலக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். WG எஞ்சின்களின் ஃபயர்பாக்ஸுக்குள் செங்கல் வளைவு ஒன்று கட்டியிருப்போம். வாயு நேரே குழாய்களுக்குள் ஓடிவிடாமல் அது தடுத்துத் திருப்பிவிடும். கரி போட்டதும் கதவைச் சிறிது நேரம் லேசாகத் திறந்துவைப்பதும் இரண்டாவது காற்றுக்காகத்தான். அர்ஜென்டினாவின் லிவியோ டான்டே போர்ட்டா என்ற பொறியாளர் இதையே ஒரு முறையாக வளர்த்து, நிலக்கரியை முதலில் வாயுவாக்கிப் பிறகு எரிக்கும்படி எஞ்சின்களை மாற்றினார். அவர் வழியைப் பின்பற்றி 1981-ல் தென்னாப்பிரிக்காவில் டேவிட் வார்டேல் மாற்றியமைத்த எஞ்சினுக்கு 'சிவப்புப் பிசாசு' என்று பெயர். நம் நாட்டிலோ அகலப் பாதையில் நீராவியே 1995-ல் முடிந்துபோயிற்று. அது வேறு கதை. ஆரம்பித்தால் ஆசிரியர் கத்தரிக்கோலோடு வந்துவிடுவார்.

நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைக்காமல் நம் ஊர்களில் கரி பஸ் ஓடியதை என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். பஸ்ஸின் பின்னால் ஒரு உருளை, அதில் கரி. புறப்படுமுன் கிளீனர் காற்றுச் சக்கரத்தைச் சுற்றுவான். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தாரும் 1980-களிலிருந்தே விறகை வாயுவாக்கும் கலங்களைச் செய்து, கர்நாடகத்தில் ஹோசஹள்ளி என்ற கிராமத்தில் அதைக் கொண்டு விளக்கெரித்துக் காட்டினார்கள்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பாய்லரை வாங்குவதில் கஷ்டமில்லை. பணம் இருந்தால் கப்பலில் வந்துவிடும். ஆனால் அந்தக் கிழவர் வீட்டில் பாய்லரைத் தவிர வேறு இரண்டு பொருள்கள் இருந்தன. அவை கப்பலில் வரா.

ஒன்று, விறகுக் கொட்டகை. வீட்டைவிடப் பெரிதாக இருந்தது என்றால் மிகையில்லை. தெற்குப் பார்த்த கூரை, பக்கங்களில் சுவர் கிடையாது. பிளந்த கட்டைகள் வரிசை வரிசையாக, காற்றுப் புக இடைவெளி விட்டு. ஒவ்வொரு வரிசையிலும் சாக்கட்டியால் வருஷம் எழுதியிருந்தார். இரண்டு கோடை காயாத கட்டை பாய்லருக்குள் போகாது. புதிதாக வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீர். அதில் கிலோவுக்கு சுமார் 2 யூனிட் சூடுதான் கிடைக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் 4 யூனிட். அது மட்டுமல்ல, ஈர விறகு தீயைக் குளிரவைக்கும். கீழ் அறையில் வாயு எரியாமல் தாராகக் குழாயெங்கும் படியும். பாய்லரின் ஆயுள் குறைந்துவிடும்.

அங்கே விறகை அளவில் விற்கிறார்கள், இத்தனை கன மீட்டர் அடுக்கு என்று. ஈரமாக இருந்தால் விற்பவனுக்கு லாபமில்லை. நம் மலைகளில் விறகுக்குக் குவிண்டால் கணக்கு. எவ்வளவு ஈரமோ அவ்வளவு எடை, அவ்வளவு காசு! கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. காய வைத்து விற்கிறவன் நஷ்டப்படும்படி நாமே தராசு வைத்திருக்கிறோம். என்னைக் கேட்டால், குளிர் ஊர்களில் சர்க்கார் எந்த நவீன அடுப்புக்கும் மானியம் தருமுன் இந்தத் தராசை மாற்றவேண்டும். விறகு டிப்போவிலேயே கூரை போட்டு, காய்ந்ததை அளவுக்கு விற்கட்டும். அதே பழைய புகாரி அடுப்பில்கூடப் புகை பெரிதும் குறையும். ஒரு பாய்லரும் இறக்குமதி செய்யவேண்டாம்.

இரண்டாவது பொருள், தண்ணீர்த் தொட்டி. இந்த மாதிரிப் பாய்லரை நெருப்பைக் குறைத்து வைத்து ஓட்டக்கூடாது. முழு வேகத்தில் எரிந்து அணையவேண்டும். அந்தச் சூட்டை எங்கே வைப்பது? கிழவர் வீட்டில் பஞ்சு போர்த்திய 2000 லிட்டர் தொட்டி இருந்தது. ஒரு தடவை 25 கிலோ விறகு போட்டால் நூறு யூனிட் சூடு, அதில் தொண்ணூறு தண்ணீருக்கு வரும். 2000 லிட்டரை 40 டிகிரி ஏற்ற 93 யூனிட் வேண்டும். கணக்கு நேராகிவிட்டது பாருங்கள். காலையில் ஒரு தடவை தீ மூட்டுவார். பிறகு தொட்டியிலிருந்து ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். தொட்டி இல்லாமல் பாய்லரை மட்டும் வாங்கி, ராத்திரி முழுவதும் காற்றைக் குறைத்துப் புகையவிட்டால், அடுப்பைவிட மோசமாகும்.

ஆகவே வருஷத்தில் மூன்று மாதம் போய்த் தங்கும் இரண்டு பேருக்கு இது அதிகப்படி என்பது என் கட்சி. அந்த விசிறிக்கு மின்சாரம் வேண்டும். மலையில் பனி விழுந்த அன்றுதான் மின்சாரம் போகும். அறுபது பிள்ளைகள் தங்கும் பள்ளி விடுதிக்கோ மலையூர் ஆஸ்பத்திரிக்கோ இது மிகப் பொருத்தம். அங்கே கொட்டகை போட இடம் உண்டு, ஒரு ஆளுக்குச் சம்பளமும் கொடுக்கலாம். தோட்டங்களில் கவாத்துக் கழிவும் காட்டில் விழுந்த மரமும் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கிழவர் மேல் அறைக் கதவைத் திறக்குமுன் ஒவ்வொரு தடவையும் விசிறியை ஓடவிட்டு அரை நிமிஷம் காத்திருப்பார். அவசரப்பட்டு நான் கைப்பிடியில் கை வைத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அந்த அறையில் கார்பன் மோனாக்ஸைடு நிறைய இருக்கும். அதை வேண்டுமென்றே உண்டாக்கி, கீழே எரித்துவிடுவதுதான் அந்தப் பாய்லரின் வேலையே. அவர் கையைப் பிடித்தபோது எனக்கு வேறு ஒரு ராத்திரி ஞாபகம் வந்தது.

1986 ஜனவரி. வடக்கே ஒரு சிறிய ஷெட்டில் நான் இரவு டியூட்டி சார்ஜ்மேன். கலாசிகள் இரண்டு பேர் வந்து, ஓய்வறையில் படுக்கமுடியவில்லை, அங்கீட்டி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். எஞ்சினிலிருந்து தள்ளிய கனலை அள்ளிக்கொள்ளச் சொன்னேன். "புகை அடங்கிய பிறகு உள்ளே கொண்டுபோங்கள், ஜன்னலில் சாக்கை அடைத்துக்கொள்ளுங்கள்" என்றும் சொன்னேன். புகையில்லாத கனலால் ஆபத்தில்லை என்று நினைத்தேன். டிப்ளமாவில் எரிதல் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவன்தான். காலையில் ஒருவனை எழுப்ப முடிந்தது. மற்றவனுக்கு இருபத்துநாலு வயசு. விசாரணையில், அனுமதியில்லாமல் கனலை எடுத்துச் சென்றார்கள் என்று எழுதினார்கள். நான் மறுத்து எழுதவில்லை. இதை அச்சில் சொல்வது இதுவே முதல் தடவை.

அந்தக் கிழவரின் பாய்லர் கீழ் அறையில் எரித்துவிடும் அதே வாயுவை, இங்கே மூடிய அறைக்குள் அங்கீட்டி வாசனையில்லாமல் விட்டுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் தில்லிப் பத்திரிகைகளில் அந்தச் செய்தியைப் படிக்கிறோம். பெரும்பாலும் காவலாளி, டிரைவர், வீட்டு வேலைக்காரர். நெருப்பு மூட்டாமலிருக்கக் காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் கொடுக்கவேண்டும் என்று தில்லி வட்டாரக் காற்று மாசு விதிகளே குடியிருப்புச் சங்கங்களுக்குச் சொல்கின்றன. எங்கள் குடியிருப்பில் கேட்டபோது கரண்ட் பில்லைப் பற்றிப் பேசினார்கள். மூன்று கூட்டம் சண்டை போட்டு இரண்டு ஹீட்டர் வாங்கவைத்தேன். நம் அன்பர்கள் அவரவர் கேட்டில் இருக்கும் அறைக்குள் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். கதவுக்கு அடியில் துணி அடைத்திருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள்.

ரானிகேத் நண்பருக்கு போனில் இதையெல்லாம் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்போது நான் முதலில் என்ன செய்யட்டும், சார்?" என்றார். கொட்டகை போடுங்கள் என்றேன். போட்டுவிட்டார். தகரக் கூரை, தெற்குப் பார்த்தது. முதல் வரிசையில் சாக்கட்டியால் வருஷம் எழுதிப் படம் அனுப்பியிருக்கிறார். பாய்லரா, சாதாரண இரும்பு அடுப்பா என்று இரண்டு கோடை கழித்துப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவு. அதுவரை அவர் மனைவி குளிர்காலத்தில் தில்லியைவிட்டு நகரமாட்டேன் என்கிறாராம்.