பந்தயத்துக்கு முன் ஒரு சுங்கச்சாவடி

2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஜப்பானிலுள்ள யோகோஹாமா நகரில் போக்கிமான் உலகப் போட்டி நடைபெற்றது. கடல் கடந்து வந்து கூடிய ஆட்டக்காரர்களில் பலர், தங்கள் பிராணிகள் பரிசோதனையில் தேறவில்லை என்ற காரணத்தால் விலக்கப்பட்டனர். அப்பிராணிகள் ஆட்டத்தின் முறைப்படி பிடிக்கப்பட்டவையுமல்ல, வளர்க்கப்பட்டவையுமல்ல. வெளிக்கருவிகளைக் கொண்டு சமைக்கப்பட்டவை என்பதே குற்றம். இதன்மேல் எழுந்த கூச்சல் கொஞ்சமல்ல. சிறுவர் விளையாட்டுக்கு ஒரு தலையங்கமா என்று நகைப்போர் நகைக்கட்டும். விதியும் உழைப்பும் சமவாய்ப்பும் ஒன்றோடொன்று மோதும் இடம் எதுவாயினும், அங்கே நியாயத்தை ஆராய்வது நமது கடமையேயாகும்.

விஷயம் அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குவோம். 1996-ல் ஜப்பானில் தோன்றிய இவ்வாட்டத்தில், 1999-ல் வெளிவந்த 'கோல்ட்', 'சில்வர்' பாகங்கள் முதற்கொண்டு, ஆணும் பெண்ணுமான இரு பிராணிகளை ஒன்றாக விட்டு முட்டை பெறும் வழி ஏற்பட்டது. பிறக்கும் குஞ்சுக்கு உயிர்வலி, தாக்கு, காப்பு, விசேஷத் தாக்கு, விசேஷக் காப்பு, வேகம் என ஆறு குணங்கள் உண்டு. 2002-ல் வந்த பாகங்களிலிருந்து ஒவ்வொரு குணத்துக்கும் 0 முதல் 31 வரை பிறவி மதிப்பு ஒன்று அமைகிறது. அதற்குமேல் 25 வகைச் சுபாவங்கள். அவற்றுட் பெரும்பாலானவை ஒரு குணத்தைப் பத்தில் ஒரு பங்கு உயர்த்தி, மற்றொன்றை அவ்வளவே தாழ்த்தும். ஆறு குணங்களும் நிறைவாயுள்ள பிராணி தற்செயலாய்க் கிடைப்பது 107 கோடியில் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே, நல்ல தாய் தந்தையரைத் தேர்ந்து, முட்டைமேல் முட்டையாகப் பொரித்து, தலைமுறை தலைமுறையாய்க் குறை நீக்கி வருவது ஒரு கலையாகவே வளர்ந்தது. சில அணிகளுக்கு வேகம் 0 ஆக உள்ள பிராணியே வேண்டும். மந்தமானது முந்திக்கொள்ளும் தந்திரம் ஒன்று அவ்வாட்டத்தில் உண்டு. குறையையும் குறிக்கோளாக்கி வளர்க்கும் இந்த நுட்பத்தை நாம் எள்ளளவும் இகழோம்.

ஆனால் இக்கலையில் விருப்பமில்லாதவனும், போட்டிக்குப் போகவேண்டுமாயின் இதே பாதையில் நடந்தே தீரவேண்டியிருந்தது. 2013-ல் வந்த பாகங்களில், 'டெஸ்டினி நாட்' என்னும் கயிற்றைத் தாங்கிய பிராணி இருந்தால், பெற்றோரின் பன்னிரண்டு மதிப்புகளில் ஐந்து குஞ்சுக்கு இறங்கும் என்று மாற்றினார்கள். பெற்றோர் இருவரும் நிறைவானவையாயின், 32 முட்டைக்கு ஒன்று குறைவின்றிப் பிறக்கும் என்ற அளவுக்குச் சுமை குறைந்தது. 2016-ல் பிறவிக் குறையைப் பயிற்சியால் ஈடுசெய்யவும், 2019-ல் சுபாவத்தின் பலனை மாற்றிக்கொள்ளவும் வழி வந்தது. கம்பெனியாரே சுங்கத்தைப் படிப்படியாய்க் குறைத்துவந்தார்கள் என்றால், அது சுங்கந்தான் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டதாகாதா?

சுங்கம் குறைந்ததேயன்றி ஒழிந்தபாடில்லை. யோகோஹாமாப் போட்டியில் அனுமதிக்கப்பட்ட ஊர்ஷிஃபு என்னும் பிராணியை முட்டையிலிருந்து பெறமுடியாது. அதைத் தானே அடைய விரும்பியவன், 2019-ம் வருஷத்து ஆட்டத்தையும் அதன் உபரிப் பாகத்தையும் விலைகொடுத்து வாங்கவேண்டும். கையில் பொருளுள்ளவன் வாங்கினான்; நண்பர் உள்ளவன் இரவல் கேட்டான்; இரண்டுமில்லாதவன் என் செய்வான்?

பிரயாசைப்படுவதும் போட்டியின் ஒரு பகுதிதானே, மல்லன் தண்டால் எடுப்பதில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகவே தோன்றும். ஆயின் தண்டால் மல்லனுடைய தோளை வளர்க்கிறது. நூறாவது முட்டையோ ஆட்டக்காரனுக்கு எதையும் கற்பிப்பதில்லை. அவனுடைய பொழுதை மட்டும் தின்கிறது. ஆறு பிராணிகளைக் கொணர்ந்து, எதிரியின் ஆறையும் நோக்கி, நான்கைத் தெரிந்தெடுத்து, அவன் அடுத்த அடியை ஊகித்து ஆடும் புத்தியே இங்கே பரீட்சிக்கத் தக்கது. 2014-ல் வாஷிங்டனில் தென்கொரியாவின் ஸே ஜுன் பார்க், யாவரும் அற்பமென்று தள்ளிய பச்சிரிசு என்னும் சிறு அணிலைக் களத்தில் இறக்கி, எதிரியின் தாக்குதலைத் தன்மேல் ஏற்றுத் துணையைக் காக்கச் செய்து, உலகப் பட்டத்தை வென்றார். அவ்வெற்றியை உலகம் போற்றியது முட்டையின் கணக்குக்காகவா, மூளையின் கூர்மைக்காகவா?

இதனால், கள்ளப் பிராணிகளைக் கொணர்ந்தவர்கள் குற்றமற்றவர்கள் என்று நாம் வாதிக்கவில்லை. விதி இருக்கும்வரை அதற்கு அடங்கி நடப்பதே போட்டியாளனுக்கு அழகு. நேர்மையாய் இரவு பகல் விழித்து வளர்த்தவனுக்கு எதிரே, நொடியில் சமைத்த பிராணியோடு வந்து நிற்பது அநீதியே. விதி பிழையென்று தோன்றினால் பகிரங்கமாய் எதிர்த்துக் கிளர்ச்சி செய்யவேண்டும். மறைவில் மீறுவது கிளர்ச்சியாகாது. அதேசமயம், வாயிலை ஒடுக்கி வைத்துவிட்டு, சுவரேறிக் குதித்தவனை மட்டும் தண்டிப்பது பாதி நியாயமேயாகும். மற்றப் பாதி வாயிலை அகலத் திறப்பதில் இருக்கிறது.

அது இயலாத காரியமுமன்று. ஆர்வலர்கள் ஊதியம் கருதாது ஆக்கிய 'ஷோடவுன்' என்னும் களத்தில், எவனும் வேண்டிய பிராணியை வேண்டிய குணங்களோடு உடனே எடுத்து இலவசமாய்ப் போரிடுகிறான். அங்கே புத்திக்கன்றி வேறெதற்கும் மதிப்பில்லை. ஆர்வலர் செய்ததைப் பெருஞ்செல்வம் படைத்த கம்பெனி செய்யலாகாதா? 2025 பிப்ரவரியில், போரையே பிரதானமாய்க் கொண்ட 'போக்கிமான் சாம்பியன்ஸ்' என்ற ஆட்டத்தைக் கொணர்வதாக அறிவித்தார்கள். நோக்கம் நல்லதே. எனினும், அங்கும் பணமோ பொழுதோ சுங்கமாய் வசூலிக்கப்படுமாயின், பெயர் மாறுமேயன்றி நிலை மாறாது.

நாம் கோருவது இவ்வளவே. உலகப் போட்டியில் களம் புகும் ஒவ்வொருவருக்கும், அனுமதிக்கப்பட்ட பிராணிகள் அனைத்தும் சமமாகக் கிடைக்கட்டும். வளர்ப்பு, விரும்புவோர் கைக்கொள்ளும் கலையாய் நிலைத்து, அதற்குரிய கௌரவத்தைப் பெறட்டும். அதன்பின் கள்ளத்தை நாடுபவனுக்கு ஒரு சாக்கும் மிஞ்சாது. அவனைத் தண்டிக்கும் கையும் கூசாது.