தெய்வத்தின் புத்திரசோகம்

1943-ஆம் ஆண்டு ஜூலையில் நேச நாட்டு விமானங்கள் ஹாம்பர்க் நகரை அக்கினிக்கு இரையாக்கிய இரவுகளில் ஒன்றில், பக்கத்தில் நின்ற தோழன் குண்டுபட்டு மாளத் தாம் மட்டும் உயிர்பிழைத்த யூர்கன் மோல்ட்மன் என்ற ஜெர்மானிய இளைஞர், பின்னர் யுத்தக் கைதியாக ஸ்காட்லாந்து முகாமொன்றில் அடைபட்டிருந்தபோது மாற்கு சுவிசேஷத்தை வாசித்து, பிதாவால் கைவிடப்பட்டதாகச் சிலுவையிலே கதறிய இயேசுவிடத்தில் தம் துயரத்தை உள்ளபடி அறிந்த ஒருவரைக் கண்டுகொண்டார். கிரேக்க தத்துவத்தின் சாயல் படிந்து, கடவுள் வேதனைக்கும் விகாரத்துக்கும் அப்பாற்பட்டவர் என்று வெகுகாலம் போதித்துவந்த சபைக்கு, குமாரன் மரண அவஸ்தைப்பட்ட வேளையில் பிதாவும் புத்திரசோகத்தை அனுபவித்தார் என்று பிற்காலத்தில் இறையியலாளரான அவருடைய, 1972-இல் வெளியான 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்ற நூல் விடையளித்தது. நம்மோடு சேர்ந்து துன்புறுகிற கடவுளால் நமக்கு என்ன விமோசனம் என்று கார்ல் ரானர் போன்ற இறையியல் மேதைகள் ஆட்சேபித்தார்கள். அவ்வாதத்துக்கும் வலிமை உண்டு. எனினும், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்ச் சொல்லத் தகுந்தது மோல்ட்மனின் வார்த்தையே என்பது என் துணிபு. ஆகையால், பிரார்த்தனைக்கு நா எழாமல், கடவுள் என்னைக் கைவிட்டாரே என்று புலம்புகிறவர்களை, அவிசுவாசிகள் என்று சபையார் ஒருபோதும் கடிந்துகொள்ளாதிருப்பார்களாக.