கடல் கட்டிய கல்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிப் பகுதியில், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் வெட்டுச்சுவரை அருகில் நின்று காண்பவருக்கு அது வெறும் பாறையாகத் தோன்றாது. உள்ளங்கையை நிறைக்கும் தடித்த சிப்பிகள், குவிந்த முதுகும் தட்டை மூடியுமாக, ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கிடக்கும். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்நிலம் கடலடியாக இருந்த காலத்தில் வாழ்ந்து மடிந்தவை அவை. சுவரின் மறுபுறம் வெடி வைப்பதற்குத் துளையிடும் பணி நடந்துகொண்டிருக்கும்.

உயிர்கள் புவியின் மேல் வெறுமனே குடியிருக்கவில்லை, புவியையே ஆக்கியிருக்கின்றன. ரஷ்ய அறிஞர் வெர்னாட்ஸ்கி 1926-இல் உயிர்க்கோளம் பற்றிய தம் நூலில் உயிரை ஒரு நிலவியல் ஆற்றலாகவே கருதினார். அவ்வாற்றல் இயங்கும் விதம் எளிது. காற்றிலுள்ள கரியமில வாயு மழைநீரில் கரைந்து மலைப்பாறையை அரிக்கிறது. அரிபட்ட சுண்ணச்சத்தை ஆறுகள் கடலுக்குக் கொண்டு செல்கின்றன. சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் அதைக் கொண்டு ஓடு சமைக்கின்றன. அவை மடிய, ஓடுகள் படிந்து இறுகிப் பாறையாகின்றன. காற்றில் இருந்த கரிமம் இப்படித்தான் கல்லுக்குள் அடைபடுகிறது. வெள்ளிக் கோளில் இத்தகைய அடைப்பு இல்லை. அங்குக் கரியமில வாயு முழுவதும் வானிலேயே தங்கிவிட்டதால் தரை 460 டிகிரி வெப்பத்தில் காய்கிறது. ஏறத்தாழ அதே அளவு கரிமம் நம் புவியிலும் உண்டு; அதில் பெரும்பங்கு பாறைக்குள் உறங்குகிறது என்பதால்தான் நாம் வாழ்கிறோம்.

அந்த உறக்கத்தைச் சிமென்ட் சூளை சில நிமிடங்களில் கலைத்துவிடுகிறது. தூய சுண்ணாம்புக்கல் 1 டன்னைச் சுட்டால் 440 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிபொருளின் புகை இதற்கு மேல். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் தொழிலிலிருந்து வருவது. வெளியேறும் வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் விழுங்கி, அந்த அளவுக்குத் தன் காரத்தன்மையை இழக்கிறது. காரம் குறைந்த நீரில் ஓடு சமைப்பது உயிர்களுக்குக் கடினம். தொல்கடலின் சிப்பிகள் பூட்டி வைத்த கரிமமே இன்றைய கடலின் சிப்பிகளுக்கும் பவளங்களுக்கும் பகையாகத் திரும்புகிறது. இதனினும் கொடிய முரணை நாம் அறியோம்.

அந்தப் பகையைச் சந்திக்கும் கடலும் நம்முடையதே. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் பவளத்தால் ஆனவை. கிளிமீன் பவளத்தைக் கொறித்து, அரைத்து, மணலாகக் கழிக்கிறது. அந்த மணலும் தீவின் கரையில் சேர்கிறது. வளர்வதும் அரிபடுவதும் ஈடாக இருக்கும்வரை தீவு நிற்கும். நாம் அந்த ஈட்டைக் குலைத்தோம். பல்லாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் அனுப்பினோம். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்தன. 2001-இல் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் வெட்டும் நின்றது. ஆயினும் 2010-லும் 2016-லும் நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறின. வெட்டியவரைத் தடுக்கச் சட்டம் இருந்தது. சூடேறும் நீரைத் தடுக்க ஒரு மாவட்டத்தின் ஆணை போதாது.

வீடும் பாலமும் மருத்துவமனையும் வேண்டாமோ எனக் கேட்பர். வேண்டும். அரியலூரில் ஆலைகளை நம்பி வாழும் குடும்பங்களின் உழைப்பை நாம் இகழவும் இல்லை. ஆனால் அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பாலைக் கசடு, சுட்ட களிமண் ஆகியவற்றைக் கலந்து சுண்ணாம்புக்கல்லின் பங்கைக் குறைக்கும் வழி இன்று கண்கூடு. அரசு தன் கட்டுமானங்களில் அத்தகைய சிமென்ட்டையே முதலில் கேட்கட்டும். மிகப் பெரிய வாடிக்கையாளர் கேட்டால் ஆலைகள் மறுக்கமாட்டா. கடலோரத்தில் ஆலைக்கழிவையும் நகரக் கழிவுநீரையும் நிறுத்துவது இன்னும் எளிது. வெப்பத்தால் நலிந்த பவளம் தெளிந்த நீரிலேனும் தேறட்டும்.

அரியலூர்ப் படுகைகளைப் பொறுத்தவரை காலம் குறுகிவிட்டது. 1860-களிலிருந்தே நிலவியலாளர்கள் பிளான்ஃபோர்டும் ஸ்டொலிச்காவும் ஆராய்ந்து உலகறியச் செய்த நிலம் அது. சாத்தனூர்க் கல்மரத்துக்கு வேலியிட்டுக் காத்துள்ளோம். வாரணவாசியில் அருங்காட்சியகமும் உண்டு. ஆனால் பேழைக்குள் வைத்த சிப்பி, தான் எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல வல்லது வெட்டப்படாத படுகை ஒன்றே. எனவே சுரங்கக் குத்தகை வழங்கும்போதும் நீட்டிக்கும்போதும், ஒவ்வொரு அடுக்குக்கும் சான்றாக ஒரு பகுதியை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அளந்து ஒதுக்க வேண்டும். அவ்வெல்லை குத்தகை ஆணையிலேயே எழுதப்பட வேண்டும். அதை மீறுவோரின் குத்தகை நீக்கப்பட வேண்டும். வெட்டி முடித்துக் கைவிட்ட குழிகளிலும் பழைய அடுக்கு தெரியும் சுவர்கள் நிற்கின்றன. அவற்றை மண்ணிட்டு மூடுமுன் இப்பணியைத் தொடங்குமாறு தமிழக அரசைக் கேட்கிறோம்.